அழுத்த ஆடை: ஓடும்போதா, ஓடி முடித்த பின்னரா?

விடியற்காலையில் மெரினா கடற்கரைச் சாலையில் நடப்போரையும் ஓடுவோரையும் கவனித்தால், கணுக்கால் முதல் முழங்கால் வரை இறுகப் பற்றிய காலுறை அணிந்தோர் சிலரையேனும் காணலாம். தொடையைக் கவ்வும் டைட்ஸ், கையை மூடும் ஸ்லீவ், உடலோடு ஒட்டிய பனியன் என இவை பலவகை. கடைகளில் 'கம்ப்ரெஷன்' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. "இதை அணிந்தால் வேகம் கூடுமா?", "கால்வலி குறையுமா?" என்று புறநோயாளர் பிரிவில் எங்களிடம் பலரும் கேட்கின்றனர். "எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, நான் அணியலாமா?" என்று கேட்போர் மிகச் சிலரே. முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வியோ அதுதான்.

இவ்வாடை விளையாட்டுத் திடலில் பிறந்ததன்று. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியப் பொறியாளர் கான்ராட் ஜோப்ஸ்ட் சுருள்சிரை நோயால் அவதியுற்றவர். நீச்சல் குளத்தில் நிமிர்ந்து நிற்கும்போது தம் கால்வேதனை தணிவதை அவர் உணர்ந்தார். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமும் கூடும். ஆகவே பாதத்தில் மிகுதியாகவும் மேலே செல்லச்செல்லக் குறைவாகவும் அழுத்தம் அமையும். அந்தப் படிநிலை அழுத்தத்தையே துணியில் கொண்டுவந்து, 1950-களில் நோயாளிகளுக்கான காலுறைகளை உருவாக்கினார். இன்றைய விளையாட்டுக் காலுறைகள் அந்த மருத்துவக் காலுறையின் வழித்தோன்றல்களே.

அசையாமல் நிற்கும்போது பாதத்துச் சிரைகளில் அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சிரைகளுக்குள் உள்ள வால்வுகள் அது மீண்டும் கீழே இறங்காமல் தடுக்கின்றன. சில அடிகள் நடப்பதற்குள் அழுத்தம் 30 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கெண்டைக்காலை 'இரண்டாவது இதயம்' என்று நாங்கள் கூறுவது இதனால்தான். வால்வு பழுதடைந்தவர்களுக்கு இந்தப் பம்பு சரிவர இயங்காது. அவர்களுக்குக் காலுறை உண்மையான துணை. நலமான கால்களுடன் ஓடுபவருக்கோ பம்பு முழுவீச்சில் இயங்கிக்கொண்டிருக்கிறது. காலுறை கூடுதலாகச் செய்யக்கூடியது அதிகமில்லை.

ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே காட்டுகின்றன. அழுத்த ஆடை அணிந்து ஓடியவர்களின் ஓட்ட நேரத்திலோ, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. தசைகள் குலுங்குவது சற்றுக் குறைகிறது; கால் 'கட்டுக்கோப்பாக' இருப்பதாகப் பலர் உணர்கின்றனர். அந்த உணர்வு பிடித்திருந்தால் அணிவதில் தவறில்லை. ஆனால் வேகத்திற்கென விலை கொடுக்க வேண்டாம். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஆலன் ஐவர்சன் முழங்கை அழற்சிக்காக அணியத் தொடங்கிய கை உறை, பின்னர் வலியே இல்லாத இளைஞர்களிடமும் நாகரிகமாகப் பரவியது. மருத்துவத் தேவை அலங்காரமாக மாறுவது புதிதல்லவே!

உடற்பயிற்சி முடிந்த பின்னர்தான் இவ்வாடை ஓரளவு பயன் தருகிறது. பழக்கமில்லாத பயிற்சியோ நீண்ட ஓட்டமோ முடிந்த மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை வலிக்கும் அல்லவா? அந்தத் தசைவலி பயிற்சி முடிந்து சில மணி நேரத்திற்குப் பின் தொடங்கிச் சில நாட்கள் வரை நீடிக்கக்கூடும். பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் அழுத்த ஆடை அணிந்தவர்களுக்கு இவ்வலி ஓரளவு குறைவதும், தசைவலிமை சற்று விரைவில் மீள்வதும் பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. இதில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். இறுக்கமான ஆடையை அணிந்திருக்கிறோமா இல்லையா என்பது எவருக்கும் தெரிந்துவிடுமே. வெளியூர்ப் போட்டி முடிந்து நான்கு மணி நேரத்திற்கு மேல் விமானத்தில் அமர்ந்து திரும்புவோருக்கு மற்றொரு பயனும் உண்டு: முழங்கால் அளவுக் காலுறை, காலில் இரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பைக் குறைக்கிறது.

இனி, பலர் கேட்காத கேள்விக்கு வருவோம். காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் சுருங்கியிருந்தால், வெளியிலிருந்து தரும் அழுத்தம் அந்தச் சிறிதளவு ஓட்டத்தையும் குறைத்துத் தோலைப் புண்ணாக்கலாம். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், புகைபிடிப்பவர்களுக்கும் இச்சுருக்கம் அமைதியாக வளர்கிறது. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் தணியும் வலி அதன் முதல் அறிகுறி. இவ்வலிக்குக் காலுறை வாங்கி மாட்டிக்கொள்வது பெரும் ஆபத்து. சர்க்கரையால் நரம்புகளும் மரத்திருந்தால், துணியின் மடிப்பு தோலை அறுப்பதுகூடத் தெரியாது. மாலையில் காலுறையைக் கழற்றும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும்.

கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை இரத்த அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. வலியில்லாதது, சில நிமிடங்களில் முடிவது. அந்த விகிதம் 0.9-க்குக் குறைந்தால் தமனி நோய் உள்ளது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளின் தமனிச் சுவரில் சுண்ணாம்புச்சத்து படிந்து, நோயிருந்தும் விகிதம் இயல்பாகத் தோன்றக்கூடும் என்பதால், அவர்களுக்குக் கால்விரல் அழுத்தத்தையும் பார்ப்பது நல்லது. இதய செயலிழப்பால் கால் வீங்குவோரும் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது.

அணியலாம் என்று முடிவானால், செருப்பின் அளவைச் சொல்லி வாங்காதீர்கள். வீக்கம் ஏறாத காலை வேளையில், கணுக்காலின் சுற்றளவையும் கெண்டைக்காலின் பருத்த பகுதியின் சுற்றளவையும் நாடாவால் அளந்து வாங்குங்கள். உடற்பயிற்சிக்கு 15 முதல் 20 மி.மீ. அழுத்தமே போதுமானது, அதற்கு மேற்பட்டவை மருத்துவர் எழுதித்தர வேண்டியவை. நீளம் மிகுந்தால் மேல்விளிம்பை மடித்துவிடாதீர்கள். மடித்த இடம் கயிறு கட்டியதுபோல் இறுக்கி இரத்தம் திரும்புவதைத் தடுக்கும். நம் ஊர்க் கோடையில் வியர்வையோடு நாள் முழுதும் அணிவது தோலில் பூஞ்சைத் தொற்றுக்கு வழி. துவைத்து உலர்ந்ததையே அணிய வேண்டும். ஏறத்தாழ ஆறு மாதங்களில் துணியின் இழுவை தளர்ந்துவிடும்.

விரல்கள் வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ உடனே கழற்றிவிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணி அழுத்தித் தேய்க்காமல், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் சேர்ந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே நேராக வர வேண்டும். வரும்போது நீங்கள் அணியும் காலுறையையும் உடன் கொண்டுவந்தால், அதன் அளவு பொருந்துகிறதா என்பதையும் பார்த்துச் சொல்வோம்.