வெளிநாட்டு விருந்தாளி வந்தால் 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியது

புன்னக்காயலிலும் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலும் ஒரே தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வெளிநாட்டு விருந்தாளி வருகிறார். மாடி அறையைக் கழுவித் துடைத்துக் கொடுக்கிறோம். சீலா மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறோம். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தைக் காட்டப் படகில் ஏற்றுகிறோம். அரசுக்குத் தர வேண்டிய ஒரு படிவத்தை மட்டும் யாரும் நினைப்பதில்லை. கியூ பிரிவு போலீஸ்காரர் வாசலில் வந்து நின்ற பிறகு, “பங்குச் சாமியாரிடம் சொன்னேனே”, “ஏட்டையாவிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியாச்சே” என்கிறோம். அது செல்லாது.

இந்தக் கரைக்கு வெளிநாட்டவர் வருவதற்குக் காரணங்கள் உண்டு. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழில் தந்த அன்ட்ரிக் அடிகளார் வாழ்ந்த ஊர் புன்னக்காயல். முத்துக்குளித்துறை என்ற இந்தக் கரையில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார் பிறகு 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார். அந்தத் தடம் தேடி வருகிறவர் ஜப்பானியராக இருக்கலாம், போர்த்துகீசியராக இருக்கலாம். கொழும்பிலிருந்து வரும் நம் சித்தி மகனாகவும் இருக்கலாம். இந்தியக் குடியுரிமை இல்லாத எவரும் இந்தக் கணக்கில் வெளிநாட்டவரே.

2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 நடைமுறையில் இருக்கிறது. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் போய்விட்டது. தங்க இடம் கொடுத்தவர் தகவல் தரும் கடமை போகவில்லை. அந்தத் தகவல் தரும் படிவத்தை மக்கள் இன்றும் ‘சி ஃபார்ம்’ என்றுதான் சொல்கிறார்கள். ஹோட்டல், லாட்ஜ், தர்மசாலை, மருத்துவமனை, கல்லூரி விடுதி, தனி வீடு எதுவானாலும், விருந்தாளி வந்த 24 மணி நேரத்துக்குள் இதைப் பதிய வேண்டும். பொறுப்பு தங்குகிறவருடையது அல்ல, தங்கவைக்கிறவருடையது. காசு வாங்கவில்லை, சொந்தக்காரர்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். மத்திய அரசின் குடிவரவுப் பணியகத்தின் இணையதளத்தில் சி ஃபார்ம் பகுதிக்குச் சென்று, தங்கவைப்பவர் என்று உங்கள் பெயரில் கணக்குத் தொடங்குங்கள். வீட்டு முகவரி, உரிமையாளர் பெயர், கைபேசி எண், தங்குமிடம் எந்த வகை என்ற விவரங்களைக் கேட்கும். தனி வீடு என்றால் அப்படியே குறிப்பிடுங்கள். இந்தக் கணக்கை அதிகாரிகள் சரிபார்த்து ஒப்புதல் தந்த பிறகே விருந்தாளியின் விவரத்தை ஏற்ற முடியும். அதற்கு நாளாகலாம். அதனால்தான் விருந்தாளி வந்து இறங்கிய பிறகு தொடங்காதீர்கள் என்று வலியுறுத்துகிறேன். அவர் டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொல்லும் நாளிலேயே தொடங்குங்கள்.

அவர் வந்ததும் பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், விசா, இந்தியாவுக்குள் நுழைந்த முத்திரை உள்ள பக்கம் ஆகியவற்றை ஜெராக்ஸ் எடுங்கள். ஜப்பானியர் சென்னை விமான நிலையத்தில் இறங்கிய பிறகும் விசா வாங்க வழி இருக்கிறது. அப்படி வந்தவரிடம் விசா காகிதம் இல்லையே என்று பதறாமல், பாஸ்போர்ட்டில் அதற்கான முத்திரையைப் பாருங்கள். எங்கிருந்து வந்தார், உங்கள் வீட்டுக்கு எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை நாள் தங்குவார், அடுத்து எங்கே போகிறார் என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு ஏற்றுங்கள். கூட வந்த குழந்தைக்கும் தனிப் படிவம் போடுங்கள். பதிந்ததற்கான தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை யாராவது கேட்டால் உங்களைக் காப்பது அந்தத் தாள்தான். அவர் கிளம்பும்போது புறப்பாட்டையும் பதியுங்கள்.

ஜெராக்ஸ் எடுத்து மேசைக்குள் வைத்தால் பதிந்ததாகாது. வாய்வார்த்தையாகச் சொன்னாலும் பதிந்ததாகாது. அதே சமயம் பாஸ்போர்ட்டின் அசலைப் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். பார்த்து, படியெடுத்து, கையோடு திருப்பிக் கொடுங்கள்.

பாஸ்போர்ட்டைக் கேட்கக் கூச்சம் வேண்டாம். ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவர் அங்கே விடுதியில் தங்கினால், விடுதிக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் படியெடுக்க வேண்டும் என்பது 2005 முதல் உள்ள நடைமுறை.   ஜப்பானிய விருந்தாளிக்கு இது தெரிந்த விஷயம்தான்.

“எங்களிடம் சி ஃபார்ம் லைசென்ஸ் இல்லை” என்று இரவு நேரத்தில் வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பும் லாட்ஜ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அது லைசென்ஸ் இல்லை, இணையத்தில் செய்யும் பதிவு. அதைச் செய்யாத சோம்பலுக்கு ஊர் தெரியாத ஒருவரை நடுத்தெருவில் நிறுத்தாதீர்கள்.

ஊர் சுற்றிக் காட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். துராயா, இரிடியம் போன் மட்டுமல்ல, மலையேறுவோர் வைத்திருக்கும் சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவியாலும் சிக்கல் வரும். கிளம்பும் முன்பே கேட்டு, கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ட்ரோனும் வேண்டாம், வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதி இல்லாமல் யாரையும் அங்கே இறக்கிவிடாதீர்கள். பிடிபட்டால் படகோட்டியும் சேர்ந்தே மாட்டுவார்.

பொருள் வாங்குவதில் பெரிய ஆபத்து பவளத்துண்டு. கரையில் ஒதுங்கியதுதானே என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். பவளம், கடல் குதிரை, கடலட்டை, சிலவகைச் சங்கு சிப்பிகள் எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. விமான நிலையச் சோதனையில் பெட்டிக்குள் அது இருந்தால் மாட்டிக்கொள்வது விருந்தாளிதான். நினைவுப் பொருள் கேட்டால் கருப்புக்கட்டி, மக்ரூன், பத்தமடைப் பாய் வாங்கிக் கொடுங்கள். பில்லையும் வாங்கிக் கையில் கொடுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அந்த ரசீதுடன் அவருடைய நாட்டுத் தூதரகத்தை அணுக வேண்டும். ஜப்பானியருக்குச் சென்னையிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே தரும் பயணத் தாளை வைத்து, நாட்டை விட்டு வெளியேறும் அனுமதிக்கு வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் அலைச்சல்தான் மிஞ்சும். அவசரத்துக்கு 112, கடலில் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, சுற்றுலா உதவிக்கு 1363. இந்தக் கடைசி எண்ணில் ஜப்பானிய மொழியிலும் பேசலாம்.

அதிகாரிகளிடம் ஒரு கேள்வி. படிவம் ஆங்கிலத்தில், விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கும்போது, கடலுக்குப் போய் வருகிறவர் இதை எப்படித் தெரிந்துகொள்வார்? விசாரிக்க ஆளை அனுப்பும் துறையால், தமிழில் ஒரு பக்க விளக்கத்தை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட முடியாதா? இ-சேவை மையத்தில் இதைப் பதிந்து தர ஏற்பாடு செய்ய முடியாதா?

அது நடக்கும்வரை பொறுப்பு நம் தலையில்தான். கிறிஸ்துமஸுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ வெளிநாட்டிலிருந்து ஆள் வரப்போகிறார் என்றால், இந்த வாரமே கணக்கைத் தொடங்குங்கள். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வந்த பிறகு உங்களிடம் இருப்பது 24 மணி நேரம் மட்டுமே.