வந்தேறு செடிகளும் நம் மண்ணும்

பிறநாட்டினின்றும் வந்து பரவும் செடி யாதாயினும் அது நம் மண்ணுக்குப் பகையே எனக் கருதுதல் நம்மவரிடை வழக்கமாயுள்ளது. இக்கருத்து எவ்வளவிற்குப் பொருந்தும் என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டமொன்றினை நோக்குவோம். செம்மண்ணிற் செழிக்கும் புகையிலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திற் றோன்றியவை. வேலியிற் கதியாலாய் நிற்பதும், கமக்காரர் குழை வெட்டித் தாழ்ப்பதுமாகிய சீமைக்கிளுவையும் அக்கண்டத்திற்கே உரியது. இவற்றை அந்நியமென்று எவரும் பிடுங்கி எறிந்திலர். ஆகலின், பிறப்பிடங்கொண்டு ஒரு செடியின் நன்மை தீமையைத் துணிதல் இயலாது. அது வந்த இடத்திற் செய்யுந் தொழிலே உரைகல்லாகும்.

அவ்வுரைகல்லிற் பார்த்தீனியத்தை வைத்துப் பார்ப்போம். இதுவும் அமெரிக்காவிற் பிறந்ததே. 1980களில் இலங்கையின் வடபகுதியை அடைந்ததெனக் கருதப்படுகின்றது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை ஈனும். அதன்கண் உள்ள பார்த்தீனின் என்னும் பொருள் அயற்பயிரின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுக்கும். மாந்தர்க்குத் தோலழற்சியும் தொய்வும் அதனால் உண்டாகும். ஆதலின் அதனைக் களைதல் நம் கடனே.

எனினும், அது முதலிற் காலூன்றும் இடம் யாது? பெரும்பாலும் தெருவோரமும், வெறுந்தரையும், கைவிடப்பட்ட காணியுமே. அங்கிருந்தே தோட்டங்களுட் புகுகின்றது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின், வளமிக்க செம்மண் காணிகள் பல ஆண்டுகள் கலப்பை காணாது கிடந்தமை நாம் அறிந்ததே. மனிதன் வெறிதே விட்ட நிலத்தைக் களை தனதாக்கிக் கொள்ளும். அதன் வரவு நிலத்திற்கு நேர்ந்த கேட்டினை நமக்கு அறிவிக்கின்றது.

களையை அடக்குந் துணையும் சில வேளைகளிற் பிறநாட்டினின்றே வந்துள்ளது. தென்னமெரிக்கக் கள்ளியொன்று தென்னிந்தியாவிற் பரவியகாலை, அதே கண்டத்துக் கொச்சினீல் பூச்சியினத்தொன்று அதனை அழிக்கப் பயன்பட்டது. ஏறத்தாழ 1865இல் அப்பூச்சி இலங்கைக்கும் கொணரப்பட்டது. பார்த்தீனியத்தின் பொருட்டு இந்தியா 1984இல் மெக்சிக்கோ நாட்டு வண்டொன்றினைப் பரப்பியது. இத்தகைய உயிர்களைத் தீர ஆராய்ந்தபின்னரே கொணர்தல் வேண்டுமென்பது சொல்லாமலே அமையும்.

நாம் செய்யத்தக்கது யாது? பார்த்தீனியம் பூக்குமுன் கையுறையணிந்து வேரொடு பிடுங்குதல் வேண்டும். அவ்வளவில் நின்றுவிடின் மண்ணிற் கிடக்கும் விதைகள் மீண்டும் முளைக்கும். பிடுங்கிய இடத்திற் சணலோ பயறோ விதைத்து நிலத்தை மூடுதலும் வேண்டும். களையை வெறுத்தல் எளிது. காணியைப் பேணுதலோ ஆண்டுதோறுஞ் செய்யவேண்டிய தொழில். அத்தொழிலை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அதனை நாமும் கைக்கொள்வோமாக.