சிறை வாசலுடன் முடிவடையாத கடமை

தண்டனை முடிந்து வீடு திரும்பும் ஆண்களின் பாலியல் சுகாதாரம் குறித்து நாம் வாய் திறப்பதில்லை. நெரிசல் மிகுந்த சிறைக்கூடங்களில் பாதுகாப்பற்ற உறவும் பகிரப்படும் ஊசியும் எச்.ஐ.வி.யைப் பரப்பக்கூடியவை. தொற்றியவரிடம் நீண்டகாலம் அறிகுறி தென்படாதிருக்கலாம். பரிசோதனையில் தெரியவரவும் 3 மாதங்கள் வரை செல்லலாம். ஆகவே விடுதலையின்போது ஒரு பரிசோதனையும், 3 மாதங்களின் பின்னர் மற்றொன்றும் அவசியமாகும். அதுவரை ஆணுறை பயன்படுத்துவது மனைவிக்கும் பாதுகாப்பாகும்.

இலங்கையில் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆயினும், சிறை சென்றவர் என்ற அவப்பெயருக்கு அஞ்சுவோர் அங்கு செல்லத் தயங்குகின்றனர். 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள் கைதிகளுக்கான சிகிச்சையின் தொடர்ச்சியை வலியுறுத்துகின்றன. விடுதலையாகும் ஒவ்வொருவரையும் அவரது மாவட்டச் சிகிச்சை நிலையத்துடன் இரகசியம் பேணி இணைத்துவிடுவது அரசின் கடமையாகும். வெறுப்பின்றி வரவேற்பது எமது கடமையாகும்.