பத்து வெள்ளியும் ஒரு பிரதிநிதியும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சென்றால் 'ஜாலான் துன் சம்பந்தன்' என்ற பெயர்ப் பலகையைக் காண்கிறோம். யார் இவர்? சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். 1955-இல் கூட்டரசுச் சட்டமன்றத்திற்கும், 1959-இல் நாடாளுமன்றத்திற்கும் தேர்வு பெற்று, 1974 வரை மக்கள் பிரதிநிதியாகவும் அமைச்சராகவும் பணியாற்றியவர்.

அந்நாளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடியபோது, பால்மரம் சீவிய நம்மவர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். துன் சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கச் சொன்னார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கியது.

1979-இல் அவர் மறைந்தார். சங்கம் இன்றும் இருக்கிறது. வாக்குப் போட்டதும் நம் வேலை தீர்ந்தது என்று இருந்துவிடலாகாது. நாமும் சிறுகச் சேர்த்து ஒன்றுபட்டால்தான் நம் பிரதிநிதியின் சொல்லுக்குப் பலம் உண்டு.