உச்சி வெயிலில் உடலுக்குள் நடப்பது

பள்ளிப் பாடநூலில் இதயத்துக்கு ஒரு பாடம், சிறுநீரகத்துக்கு ஒரு பாடம், தோலுக்குக் கடைசியில் அரைப் பக்கம். தேர்வு எழுத இது போதும். கத்திரி வெயிலில் குனிந்து களையெடுப்பவரின் உடலிலோ இவை எல்லாமே ஒரே வேலையில் இறங்கியிருக்கும். உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸை விட்டு அதிகம் ஏறிவிடக் கூடாது என்பதே அந்த வேலை. உடலியங்கியலைக் கற்க இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்த பிறகு, இது எல்லோரும் படித்தாக வேண்டிய பாடமாகவும் ஆகிவிட்டது.

வியர்த்தால் போதாது, காய வேண்டும்

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ரத்தத்தின் சூட்டை ஓயாமல் கவனிக்கிறது. சூடு சற்று ஏறினாலும் நரம்புகள் வழியே தோலுக்குக் கட்டளை போகும். தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. 1 லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் அந்தப் பலன் இல்லை.

1774-இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் நண்பர்களோடு சூடேற்றிய அறைக்குள் நுழைந்து இதைச் சோதித்தார். அறையின் சூடு 120 டிகிரி செல்சியஸையும் தாண்டியது. உள்ளே வைத்த மாட்டிறைச்சி வெந்துபோனது. சில நிமிடங்கள் உள்ளே நின்ற மனிதர்கள் நலமாக வெளியே வந்தார்கள். காற்று உலர்ந்திருந்ததால் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி அவர்களைக் காத்தது. வேலூரின் 40 டிகிரியைத் தாங்கும் உடல், கடலோரப் புழுக்கத்தில் 36 டிகிரிக்கே துவண்டுபோவதற்கும் இதுதான் காரணம். வானிலை அறிக்கையில் வெப்ப அளவை மட்டும் பார்ப்பது ஏமாற்றும், ஈரப்பதத்தையும் பாருங்கள்.

இதயத்தின் இரட்டைச் சுமை

ஓய்வாக இருக்கையில் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் ரத்தம் இறைக்கிறது. அதில் தோலுக்குப் போவது அரை லிட்டருக்கும் குறைவு. கடும் வெக்கையில் தோலுக்கு மட்டுமே 6 முதல் 8 லிட்டர் வரை போகக்கூடும். வேலை செய்யும் தசைகளும் அதே நேரத்தில் ரத்தம் கேட்கும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் பங்கைக் குறைத்து உடல் இதைச் சமாளிக்கிறது. வியர்வையால் ரத்தத்தின் நீரும் குறைந்துகொண்டே போவதால், இதயம் இன்னும் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. வெயிலில் வரிசையில் நிற்பவர் கண் இருட்டிச் சரிவது, மூளைக்கு ஏறும் ரத்தம் அந்த நேரத்தில் குறைந்துபோவதால்தான்.

வெப்ப அலையின்போது மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் கூடுவதன் பின்னணியும் இதுவே. ரத்தக் கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரையோ, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையோ சாப்பிடுபவர்கள் கோடை தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

சிறுநீரகம் சொல்லும் செய்தி

நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியே விடும் உறுப்பு சிறுநீரகம். உடலில் நீர் குறைந்தால் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து, நீரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் உப்பைக் காப்பாற்றுகிறது. மிச்சம் வெளியேறுவது கொஞ்சமாக, கடுமஞ்சளாக, எரிச்சலோடு இருக்கும். அதைத்தான் நீர்க்கடுப்பு என்கிறோம். ஒரு நாள் என்றால் சரியாகிவிடும். கோடைதோறும், ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெடும்.

தூத்துக்குடி உப்பளங்களைப் பாருங்கள். மேலே வெயில், கீழே உப்பின் வெள்ளைப் பரப்பிலிருந்து கண்ணைக் கூசவைக்கும் எதிரொளி, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அங்கே வேலை செய்யும் பெண்கள் பலர் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிப்பதில்லை. அருகில் கழிப்பறை இல்லை என்பதே காரணம். சிறுநீர்ப் பாதைத் தொற்றும் கல்லடைப்பும் அவர்களுக்கு வருவதில் வியப்பில்லை. 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று அறிவுரை சொல்வதற்கு முன், வேலையிடத்தில் கழிப்பறையும் நிழல் கூடாரமும் கட்டித்தர வேண்டும். இந்த மனிதர்களின் சிறுநீரகத்துக்கு அவைதான் முதல் மருந்து.

தண்ணீரோடு உப்பும்

வியர்வையில் உப்பும் போகிறது. மணிக்கணக்கில் வியர்த்தபின் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, வலிப்பு வரைக்கும் போகலாம். உப்பு போட்ட மோரும் நீராகாரமும் இதற்கு நல்லவை. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் ஓஆர்எஸ் கரைசல் வேண்டும். குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே போகின்றன, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது என்பதை ராபர்ட் கிரேன் 1960-இல் விளக்கினார். ஓஆர்எஸ் பொட்டலத்தில் சர்க்கரை இருப்பது சுவைக்காக அல்ல. அதில் குறிப்பிட்ட அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்; கூட்டினாலும் குறைத்தாலும் கணக்குத் தப்பும்.

வெயிலுக்குப் பழக உடலுக்கு ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் வியர்வை சீக்கிரமே சுரக்கவும், அதில் உப்பு குறையவும் உடல் கற்றுக்கொள்ளும். அதனால் புதிதாக வேலைக்கு வந்தவருக்கும், நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவருக்கும் முதல் நாளே முழுச் சுமை கொடுக்கக் கூடாது.

பேச்சு குழறினால்

உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை தடுமாறும். சம்பந்தமில்லாத பேச்சு, தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை வெப்பவாதத்தின் அடையாளங்கள். 'வியர்வை நின்றிருந்தால்தான் ஆபத்து' என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். வேலை செய்துகொண்டே விழுபவருக்கு உடல் நனைந்தே இருக்கலாம். குடலும் கல்லீரலும் தசையும் சேர்ந்து சிதைவது இந்தக் கட்டத்தில்தான்.

பாராசிட்டமால் இங்கே உதவாது. காய்ச்சலில் ஹைப்போதலாமஸ் தன் இலக்கையே உயர்த்திவைக்கிறது, மாத்திரை அதை இறக்குகிறது. வெப்பவாதத்தில் இலக்கு மாறவில்லை, சூட்டை வெளியேற்ற முடியாமல் உடல் தோற்றிருக்கிறது. நிழலுக்குத் தூக்கிப் போங்கள், ஆடையைத் தளர்த்துங்கள், குடத்துத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை மற்றவர்கள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவே கூடாது.