ஏர் பிரையரில் புகையா? விற்கும்போதே சொல்லி அனுப்புவோம்

மிக்சி, கிரைண்டர் வரிசையில் இன்று ஏர் பிரையரும் நம் பாத்திரக் கடைகளிலும் வீட்டு உபயோகப் பொருள் கடைகளிலும் இடம் பிடித்துவிட்டது. விலை கூடிய சரக்கு. ஒன்று விற்றாலும் கல்லாவுக்குத் தெரியும். ஆனால் விற்ற நான்காம் நாளே பெட்டியோடு திரும்பி வந்து, "அண்ணாச்சி, மெஷின் புகையுது, மாத்திக் குடுங்க" என்று வாடிக்கையாளர் நிற்பதும் நடக்கிறது. கடையில் நாலு பேர் இருக்கும்போது அந்த ஒரு சொல் போதும், அடுத்த விற்பனை கெட்டுப்போகும்.

இப்படி வரும் புகார்களில் பெரும்பாலும் குறை இயந்திரத்தில் இருப்பதில்லை. பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. அதை விற்கும்போதே ஐந்து நிமிடம் எடுத்துச் சொன்னால் சரக்கு திரும்பி வராது.

புகை எங்கிருந்து வருகிறது?

2010 ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய சாதனம் இது. மேலே சூடேற்றும் கம்பிச் சுருள். அதற்கு மேல் ஒரு விசிறி. விசிறி சூடான காற்றைக் கூடையைச் சுற்றி வேகமாகச் சுழற்றுகிறது. பெரும்பாலான மாடல்களில் வெப்பம் 200 டிகிரி செல்சியஸ் வரை போகும்.

தோலோடு கூடிய கோழி, ஆட்டுக்கறி, மத்தி மீன் போன்றவற்றில் இருந்து உருகும் கொழுப்பு கூடையின் ஓட்டை வழியாக அடித்தட்டில் சொட்டுகிறது. அந்தச் சூட்டில் அது கருகி வெண்புகையாக வருகிறது. நேற்றுச் சமைத்த எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவாமல் விட்டால் இன்று உருளைக்கிழங்கு போட்டாலும் புகையும். உலர்ந்த மிளகாய்ப் பொடியைத் தூவினால் விசிறிக் காற்றில் பறந்து சுருளில் ஒட்டிக் கருகும்; கண் எரியும். பஜ்ஜி மாவு போன்ற நீர்த்த மாவும் இதற்கு ஏற்றதல்ல. காற்றில் சிதறி, வழிந்து தீய்ந்துவிடும்.

எண்ணெயும் ஒரு காரணம். ரீபைண்டு கடலை எண்ணெய் சுமார் 230 டிகிரி வரை தாங்கும். செக்கு எண்ணெய்கள் பெரும்பாலும் 160 முதல் 180 டிகிரிக்குள்ளேயே புகையத் தொடங்கிவிடும். செக்கு எண்ணெய் வாங்குவோர் இன்று அதிகம். அதைத் தடவி 200 டிகிரியில் வைத்தால் புகை வரத்தான் செய்யும். வெப்பத்தைக் குறைத்து, நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

லைனர் விஷயத்தில் கவனம்

கூடையில் விரிக்கும் தாளுக்கு லைனர் என்று பெயர். கூடவே விற்கலாம், லாபமும் உண்டு. ஆனால் "இதைப் போட்டால் புகையே வராது" என்று சொல்லி விற்காதீர்கள். மசாலா ஒட்டும் பண்டங்களுக்கும் கழுவும் வேலையைக் குறைக்கவும் அது உதவும். அதே சமயம் ஓட்டைகளை மூடிவிடுவதால் காற்றோட்டம் குறையும். கொழுப்பு நிறைந்த கறி தன் எண்ணெயிலேயே கிடந்து புகையும். அத்தகைய கறிக்கு ஓட்டையுள்ள லைனர் நல்லது; அல்லது லைனரே இல்லாமல் சமைக்கலாம்.

எந்தத் தாள் என்பதும் முக்கியம். சிலிக்கான் பூசிய பேக்கிங் தாளாக இருக்க வேண்டும். தாங்கும் வெப்பம் பெட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும். மெழுகுத்தாள் உருகிவிடும். "பட்டர் பேப்பர்" என்ற பெயரில் வருபவை எல்லாம் சூடு தாங்குபவை அல்ல. வெப்ப அளவு போடாத கட்டை வாங்கி அடுக்காதீர்கள். செய்தித்தாள் கூடவே கூடாது. அலுமினியத் தாளில் எலுமிச்சை, புளி, தயிர் சேர்ந்த பண்டங்களை வைத்தால் தாள் அரித்து உணவில் கலக்கும். கழுவிப் பயன்படுத்தும் உணவுத்தர சிலிக்கான் லைனர் நீண்ட நாள் உழைக்கும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது ஒன்று உண்டு. வெறும் தாளைப் போட்டு இயந்திரத்தைச் சூடாக்குவது. விசிறிக் காற்றில் தாள் மேலே எழும்பிச் சுருளில் பட்டால் தீப்பிடிக்கும். தாளின் மேல் பண்டம் கனமாக உட்கார்ந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். ஓரம் மேலே நீட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. எனவே கூடையின் அடியை அளந்து, பொருந்தும் அளவையே கொடுங்கள். கம்பெனி கையேட்டில் லைனர் வேண்டாம் என்றிருந்தால், அந்த மாடலுக்கு லைனரை விற்காமல் இருப்பதே முறை.

வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியவை

1. முதல் முறை காலியாகப் பத்து நிமிடம் ஓட விடவும். புது வாசனை போய்விடும்.

2. கொழுப்புள்ள கறிக்கு 180 டிகிரி போதும். கையேடு அனுமதித்தால் கூடைக்குக் கீழுள்ள அடித்தட்டில் இரண்டு கரண்டி தண்ணீர் விடலாம். சொட்டும் கொழுப்பு கருகாது.

3. ஒவ்வொரு முறையும் கூடையையும் அடித்தட்டையும் கழுவவும். பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு சுருளை ஈரத்துணியால் துடைக்கவும். கம்பி நார் வேண்டாம்.

4. சுவரில் இருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கவும்.

5. பல மாடல்கள் 1,400 வாட்டுக்கு மேல் இழுப்பவை. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்பது 1,380 வாட் மட்டுமே. மலிவு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் புகை பிளக்கில் இருந்தே வரும். 16 ஆம்பியர் பாயிண்டைக் கேட்டு உறுதி செய்யவும்.

6. கரும்புகையோ பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றமோ வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு நம்மிடம் கொண்டுவரச் சொல்லவும். அது உண்மையான பழுதாக இருக்கலாம், தட்டிக் கழிக்காதீர்கள்.

சட்டமும் இதையே சொல்கிறது

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 86 ஆவது பிரிவை நாம் அறிந்திருக்க வேண்டும். தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையையும் பயன்பாட்டுக் குறிப்பையும் விற்பவர் வாங்குபவரிடம் சேர்க்காமல் விட்டு, அதனாலேயே தீங்கு நேர்ந்தால், விற்பவரும் பொறுப்பாளி ஆவார். "நான் பெட்டியைத்தான் விற்றேன்" என்று ஒதுங்க முடியாது. ஆகவே கையேடு பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். மேலே சொன்ன ஆறு குறிப்புகளையும் ஒரு சிறு சீட்டில் தமிழில் அச்சிட்டு, பில்லோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். கவுண்டரில் நிற்பவர்கள் அவர்கள்தானே!

ஒரு சீட்டு அடிக்க ஆகும் செலவு சில காசுகள். திரும்பி வரும் ஒரு பெட்டியால் போவது லாபம் மட்டுமல்ல, கடையின் பெயரும்தான். சொல்லி விற்ற சரக்குக்கு வாடிக்கையாளர் திரும்ப வருவார். ஆனால் பெட்டியோடு அல்ல, அடுத்த பொருள் வாங்க!