வி.எஃப்.எக்ஸ். படிக்கணுமா? முதல்ல இதைப் பாருங்க

குறிஞ்சிப்பாடியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, 'வி.எஃப்.எக்ஸ்.தான் படிப்பேன்' என்கிறீர்களா? தனியார் மையத்தில் லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன் சென்னை தரமணியை யோசியுங்கள். அங்குள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்புக்கும், அனிமேஷன் - விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும் தனித்தனியாக 4 ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு. இடங்கள் குறைவு, அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிச்சிடுங்க.

இந்த வேலை நமக்கு ஒத்துவருமா? வீட்டிலேயே சோதிக்கலாம். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே எடிட்டிங், கம்போசிட்டிங் இரண்டும் இருக்கு. ஆனால் நல்ல கம்ப்யூட்டர் வேணும். பச்சைத் துணி முன் நண்பரை நிறுத்தி போனில் எடுங்கள். பச்சையை நீக்கி, பின்னால் பிச்சாவரத்தை வையுங்கள். கம்போசிட்டிங் இதுதான். முடியோரம் பச்சை ஒட்டியிருக்கா? வெயில் அங்கே இடப்பக்கம், நண்பர் முகத்தில் வலப்பக்கமா? அதைச் சரிசெய்ய உட்காருங்கள். மூன்று மணி நேரம் போனதே தெரியலைன்னா, விண்ணப்பம் போடலாம்.